கயிறு சாத்திய ஏடு

பிள்ளை இல்லை என்று வந்து நின்றவருக்கு ஒரு பாட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பெண்ணாடத்துக் கதை. சைவ மரபு பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருவது.

13ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்தவர் அச்சுதக் களப்பாளர். நெடுநாள் குழந்தை இல்லாமல் இருந்து, திருத்துறையூரில் இருந்த தம் குலகுரு சகலாகம பண்டிதரிடம் போய்க் குறையைச் சொல்கிறார். பண்டிதர் தேவாரச் சுவடியைப் பூசையில் வைத்துக் கயிறு சாத்துகிறார். சுவடிக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே அளவாக நறுக்கிய பனையோலைகள். துளையிட்டு ஒரு கயிற்றில் கோத்தவை. மேலும் கீழும் மரச்சட்டம். பக்கவாட்டில் பார்த்தால் ஓலைகளின் விளிம்பு மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. அந்த விளிம்புகளுக்கு நடுவே ஒரு கயிற்றை நுழைத்து, நுழைந்த இடத்தில் கட்டைப் பிரித்தால் எந்தப் பாட்டு கண்ணில் படுகிறதோ அதுவே கேட்டு வந்தவருக்கான பாட்டு. அன்றைக்கு வந்தது இரண்டாம் திருமுறையில் உள்ள சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம். அங்குள்ள முக்குளத்தில் நீராடி வழிபடுவோருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்று சொல்லும் பாட்டு.

களப்பாளரும் மனைவியும் திருவெண்காடு போகிறார்கள். மூன்று குளத்திலும் முழுகுகிறார்கள், அங்கேயே தங்கி வழிபடுகிறார்கள். கனவில் இறைவன் வந்து, இந்தப் பிறவியில் உனக்குப் பிள்ளை கிடையாது என்று சொல்லிவிடுகிறார். வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். களப்பாளர் போகவில்லை. சம்பந்தர் பாட்டை நம்பி வந்தேன், இந்தப் பிறவியில் இல்லையென்றாலும் அந்தப் பாட்டை விடமாட்டேன் என்று இருந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் குழந்தை. வெண்காட்டின் பெயரால் சுவேதவனப்பெருமாள் என்று பெயரிட்ட அந்தப் பிள்ளை, திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று மெய்கண்டார் ஆனார். 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தவர் அவர்தான்.

சைவர்கள் இதை அருள் வரலாறாகப் படிக்கிறார்கள். அந்தப் படிப்பு அவர்களுக்கு உரியது, அதில் நான் கை வைக்கவில்லை. நான் இதை வாசிப்பின் வரலாறாகவும் படிக்கிறேன். ஒரு குறிப்பிட்ட ஆளுக்கென்று ஒரு குறிப்பிட்ட எழுத்தை எடுத்துக் கொடுத்தது, தமிழில் இவ்வளவு விளக்கமாகப் பதிவாகியிருக்கும் வேறு சம்பவம் எனக்கு நினைவில்லை. இதில் என்னை உலுக்குவது, குரு தேர்ந்தெடுக்கவே இல்லை என்பது. களப்பாளரின் ருசியை அவர் விசாரிக்கவில்லை. இதற்கு முன் எந்தப் பதிகம் உனக்குப் பிடித்தது என்று கேட்கவில்லை. கயிறு எங்கே போயிற்றோ அங்கே பிரித்தார். உலகத்தில் பல இடங்களில் இப்படி ஏடு பார்த்திருக்கிறார்கள். ஈரானியர்கள் ஆண்டின் மிக நீண்ட இரவில் ஹாஃபிஸ் கவிதைத் தொகுப்பை வீட்டில் வைத்துப் பிரிக்கிறார்கள். 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகஸ்டின் பவுலின் நிருபத்தைப் பிரித்து, கண்ணில் பட்ட வரிகளோடு தன் பழைய வாழ்க்கையை விட்டார். அவர் நிலைத்தது தற்செயலாகக் கிடைத்த வரிகளில். அதே போல்தான் களப்பாளரும். அவருக்கென்று அளவெடுத்துத் தைக்காத ஒரு பாட்டை அவர் தனக்கே ஆக்கிக்கொண்டார். அது சாத்தியமானதற்குக் காரணம், கொடுத்தவர் மேல் இருந்த நம்பிக்கையும், படித்தவர் அதை எளிதில் கீழே வைக்காத பிடிவாதமும்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான், வாசகருக்கென்று புத்தகம் தேர்ந்து அனுப்பும் இன்றைய சந்தாத் திட்டங்களைப் பற்றி யோசிக்கிறேன். லண்டனில் கர்சன் தெருவில் ஹேவுட் ஹில் என்ற புத்தகக் கடை இருக்கிறது. 1936இல் தொடங்கியது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாவலாசிரியை நான்சி மிட்ஃபோர்டு அங்கே விற்பனைக்கு நின்றிருக்கிறார். இன்று ஒரு சந்தாதாரரோடு பேசி, அவர் என்ன படிப்பவர் என்று கேட்டறிந்து, ஆண்டு முழுக்க அவருக்கான புத்தகத்தைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். பாத் நகரத்தில் இன்னொரு கடை, வாசகரை நாற்காலியில் உட்காரவைத்து, தேநீரும் கேக்கும் கொடுத்து, வாசிப்பைப் பற்றிப் பேசி, அவர் முன்னால் புத்தகங்களை அடுக்குகிறது. இந்தியாவிலும் மாதப் பெட்டி அனுப்புகிறவர்கள் வந்துவிட்டார்கள். தமிழில் வாட்ஸ்அப் வழியாகப் புத்தகம் விற்பவர்கள் சிலர் சிறிய அளவில் செய்கிறார்கள்.

அப்படி ஒன்றில் நானும் சேர்ந்திருந்தேன். முதலில் ஒரு படிவம் வரும். கடைசியாகப் படித்த புத்தகங்கள், திரும்பத் திரும்பப் படித்தவை, பிடிக்காத எழுத்தாளர்கள், எவ்வளவு பக்கம் தாங்கும், சோகம் தாங்குமா. அதில் ஒரு கேள்வி அருமையானது: பாதியில் மூடிவைத்த புத்தகங்கள் எவை, எந்த இடத்தில் மூடினீர்கள்? அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு மாலை பிடித்தது. ஒருவர் முடித்த புத்தகங்களின் பட்டியலைப் பார்த்தால் அவர் எதைப் பெருமையாக நினைக்கிறார் என்று தெரியும். பாதியில் விட்டவற்றைப் பார்த்தால் அவருடைய பயம், களைப்பு, அந்த வருடம் அவர் வீட்டில் நடந்தது எல்லாம் தெரிந்துவிடும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது திறந்து மூடிய நாவல்கள் என் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் பெயர்களை எழுதும்போது, யாரோ ஒருவர் இதைப் படித்துப் புரிந்துகொள்ளப் போகிறார் என்ற நினைப்பே பெரிய ஆறுதலாக இருந்தது.

வந்த புத்தகங்களில் குறையொன்றுமில்லை. நான் படித்திருக்கக்கூடிய புத்தகங்கள்தான். எப்படியோ என் கையில் சிக்காமல் போனவை. உள்ளே என் பெயர் எழுதிய அட்டைகூட இருந்தது. படித்து முடித்தேன். முடித்த பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அடுத்த பொட்டலம் வந்தது. முந்தைய புத்தகம் எனக்குள் என்ன செய்தது என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. நட்சத்திரம் போட ஒரு சுட்டி இருந்தது. ஐந்து நட்சத்திரமும் ஒரு மனிதர் கேட்கும் ஒரு கேள்வியும் ஒன்றாகுமா?

இவற்றுக்கெல்லாம் மூத்தது அமெரிக்காவின் மாதப் புத்தகச் சங்கம். 1926இல் ஹாரி ஷெர்மன் தொடங்கினார். விளம்பரத் துறையிலிருந்து வந்தவர், தபாலில் புத்தகம் விற்ற அனுபவம் உள்ளவர். புத்தகக் கடையே இல்லாத சிற்றூர்களில் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் போகிறார் என்ற இரண்டு உண்மைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர். ஐந்து பேர் கொண்ட நடுவர் குழு மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். முதல் தேர்வு சில்வியா டவுன்சென்ட் வார்னர் என்ற ஆங்கில எழுத்தாளரின் முதல் நாவல். சொந்தக்காரர் வீட்டில் ஒண்டி வாழ்ந்த திருமணமாகாத பெண் ஒருத்தி கிராமத்துக்குப் போய்ச் சூனியக்காரியாகும் கதை. முகம் தெரியாத 4,750 பேருக்கு அதை அனுப்ப ஒரு தைரியம் வேண்டும். பிறகு அந்தச் சங்கம் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது: குறிப்பிட்ட தேதிக்குள் வேண்டாம் என்று எழுதாவிட்டால் புத்தகம் தானாக வந்துவிடும். சோம்பலை வைத்து வியாபாரம் செய்கிறார்கள் என்று இதைக் கண்டித்தவர்கள் உண்டு. நான் அவ்வளவு கடுமையாக இருக்கமாட்டேன். தான் கேட்காத புத்தகம் ஒருவர் வீட்டு மேஜையில் வந்து உட்காருவதற்கு அது ஒரு வழி.

இணையக் கடையின் பரிந்துரை வேறு வகை. அமேசானின் பொறியாளர்கள் மூன்று பேர் தங்கள் முறையை 2003இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன் அடிப்படை எளியது. ஒரு வாசகரை இன்னொரு வாசகரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிடுகிறார்கள். இந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் கூடவே எதை அதிகம் வாங்கினார்கள் என்று ஒரு பெரிய அட்டவணை முன்கூட்டியே தயாராக இருக்கும். நீங்கள் ஒன்றைத் தொட்டால் அந்த வரிசையில் உள்ளவை உங்கள் முன் வரும். ஆகவே உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்கும் அந்தப் பக்கத்தில் உண்மையில் பேசிக்கொள்பவை புத்தகங்கள். கோடிக்கணக்கில் விற்பனை நடக்கும் மொழியில் இந்த அட்டவணை ஓரளவு நுட்பமாக இருக்கும். தமிழில் ஆயிரம் பிரதி என்ற பழைய கணக்குப் போய், 200, 300 என்று தேவைக்கு அச்சடிக்கும் காலம் இது. நல்ல கவிதைத் தொகுதி ஒன்றை வாங்கிய இருநூறு பேரில் எத்தனை பேர் அதை இணையக் கடையில் வாங்கியிருப்பார்கள்? அட்டவணையில் அந்தப் புத்தகத்தின் வரிசை ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். எல்லோரும் வாங்கும் பொன்னியின் செல்வன் எதைத் தொட்டாலும் பக்கத்தில் வந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கல்கி மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அவரை அறிமுகப்படுத்த ஒரு இயந்திரம் தேவையில்லை, அவ்வளவுதான்.

தமிழில் புத்தகச் சந்தா என்றால் என் தலைமுறைக்கு முந்தையவர்கள் சொல்வது வாசகர் வட்டத்தை. தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களின் நடுவில் சென்னையில் தொடங்கியது. உறுப்பினராகச் சேர்ந்தால் வட்டம் வெளியிடும் புத்தகங்கள் வீடு தேடி வரும். தாளும் கட்டும் அச்சும் அந்தக் காலத்துத் தமிழ்ப் பதிப்பில் அபூர்வமான தரம். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், வந்த புத்தகங்கள். 1966இல் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’, ஆ. மாதவனின் ‘புனலும் மணலும்’, சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக் கரையோடு போய்வந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. அன்றைக்குச் சந்தா கட்டிய ஒரு பள்ளி ஆசிரியரையோ, ரயில்வே குமாஸ்தாவையோ நினைத்துப் பாருங்கள். பிரித்ததும் கையில் ‘அம்மா வந்தாள்’. வேதம் படிக்கப் போன மகன், கணவனைத் தாண்டி வாழும் தாய், தன் தவறுக்குப் பிராயச்சித்தமாக மகனையே வேதத்துக்குக் கொடுத்தவள். கடையில் புரட்டிப் பார்த்திருந்தால் அவர் இதை வாங்கியிருப்பாரா? பெரும்பாலும் திரும்ப அலமாரியில் வைத்திருப்பார். முன்பணம் கட்டிவிட்டதால், அனுப்பியவர் மேல் மதிப்பு இருந்ததால், படித்தார். கோபப்பட்டிருக்கலாம். கோபத்தோடு படித்தவர்களும் சேர்ந்துதான் அந்த நாவலை இன்று வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

வாசகர் வட்டம் யாருக்கும் தனியாக எதையும் தேர்ந்து கொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே புத்தகம். ஆனாலும் அந்தப் புத்தகங்கள் பலருக்குத் தனக்கே வந்தவையாக இருந்தன என்று அந்தத் தலைமுறை வாசகர்கள் பேசும்போது தெரிகிறது. இந்த இடத்தில்தான் என் எண்ணம் உறுதிப்படுகிறது. ஒரு புத்தகம் எனக்கானது ஆவது அது என் ருசிக்குப் பொருந்துவதால் அல்ல. அதைக் கொடுத்தவர் எனக்குப் பின்னாலும் நிற்கிறார், நான் அதோடு மல்லுக்கட்டுவேன் என்று நம்பியிருக்கிறார் என்பதால்.

க.நா. சுப்ரமண்யம் வாழ்நாள் முழுக்க இதைச் செய்தார். ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் அவர் தமிழ்ப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிய கட்டுரைகள் 1957இல் நூலாயின. அந்தத் தலைப்பே வாசகர் முகத்தைப் பார்த்துக் கேட்பது. பட்டியல் போடுகிறார் என்று அவரைத் திட்டினார்கள். அவரும் விடவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார். பட்டியலோடு நிறுத்தாமல், தான் சொன்ன உலகப் புத்தகங்களைத் தானே மொழிபெயர்த்தும் கொடுத்தார். பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’ என்று தமிழில் படித்துக் கலங்கியவர்கள் எத்தனையோ எழுத்தாளர்கள். பரிந்துரைப்பவர் தன் உழைப்பைப் பணயம் வைப்பது என்றால் இதுதான்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கழுதூரில் பிறந்து விருத்தாசலத்தில் வாழும் இமையம், தன் வாசிப்பைத் திறந்துவிட்டவராகத் தன் பேட்டிகளில் நன்றியோடு சொல்வது எஸ். ஆல்பர்ட்டை. திருச்சி பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். வீட்டில் புத்தகம் என்ற ஒன்று இல்லாத ஒரு கிராமத்துப் பையனுக்கு உலக இலக்கியத்தை எடுத்துக் கொடுத்து, அதைப் பற்றிப் பேசவும் ஆள் ஒருவர் இருந்தார் என்பது சாதாரணச் செய்தி இல்லை. ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தை மையமாக வைத்த அந்த நாவல் தமிழில் அதுவரை யாரும் நெருங்கிப் பார்க்காத வாழ்க்கை. ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆல்பர்ட்டின் கையில் ஒரு படிவம் இருந்திருந்தால், அந்தப் பையன் முன்பு படித்தவை என்ற கட்டத்தில் எதை நிரப்பியிருப்பான்? பழைய வாசிப்பை வைத்துப் புதிய வாசிப்பைக் கணிக்கும் எந்த ஏற்பாடும், படிக்க வாய்ப்பே இல்லாதவர்களைப் பார்த்துக் கையை விரித்துவிடும். தமிழ்நாட்டின் பெரிய எழுத்தாளர்கள் பலர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்.

இந்தப் பக்கத்து நூலகர் ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மேஜைக்கு அடியில் நாலைந்து புத்தகம் தனியாக வைத்திருப்பார். யார் யாருக்கு என்று அவருக்குத்தான் தெரியும். ரமணிசந்திரன் நாவல்களை மட்டுமே எடுத்துப் போகும் ஒரு பெண், விருத்தாசலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவரிடம் ஒரு நாள் கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’யைக் கொடுத்தனுப்பினார். ஒருவனைக் காட்டி இன்னொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் கதை. விருத்தாசலத்தைச் சுற்றிய முந்திரிக்காட்டு ஊர்களில் நடப்பது, அந்த ஊர்ப் பேச்சிலேயே எழுதப்பட்டது. மறுவாரம் அந்தப் பெண் வந்து புத்தகத்தை மேஜையில் வைத்தபோது நான் பக்கத்தில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் சார் இத குடுத்தீங்க? ராத்திரி தூக்கமே வல்ல.”

“யாரு ஞாபகம் வந்தாங்கம்மா?”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “எங்க சின்னம்மா” என்றார்.

அவர் உட்கார்ந்து சின்னம்மாவின் கதையைச் சொன்னார். நூலகர் பதிவேட்டை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டார். அன்றைக்கு வேறு புத்தகம் எதையும் சிபாரிசு செய்யவில்லை. அந்தப் பெண் போன பிறகு ‘அஞ்சலை’யைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, “திரும்பப் படிக்கணும் தம்பி, நான் அந்தச் சின்னம்மாவக் கவனிக்கல” என்றார்.

கொடுத்தவர் கற்றுக்கொள்ளும் இந்த இடம் எல்லாச் சந்தாத் திட்டத்திலும் காணாமல் போகிறது. மெய்கண்டார் கதையின் பின்பாதி இதைத்தான் சொல்கிறது. ஏட்டைப் பிரித்துக் கொடுத்த சகலாகம பண்டிதருக்குப் பின்னாளில் ஒரு செய்தி வருகிறது: அவருடைய மாணவர்கள் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுவனிடம் பாடம் கேட்கப் போய்விட்டார்கள். தாமே நேரில் போகிறார். ஆணவ மலத்தைப் பற்றி அந்தச் சிறுவன் விளக்கிக்கொண்டிருக்கிறான். ஆணவத்தின் இயல்பு என்ன என்று நின்றபடியே கேட்கிறார். சிறுவன் அவரை மேலும் கீழும் பார்க்கிறான். நீர் நிற்கும் இந்த நிலைதான் என்று அந்தப் பார்வை சொல்லிவிடுகிறது. பண்டிதர் காலில் விழுந்து மாணவராகிறார். அருள்நந்தி சிவாசாரியர் என்ற பெயரும், ‘சிவஞான சித்தியா’ரும் அதற்குப் பிறகு. தான் கொடுத்த பாட்டின் பலன் தன் முன் ஆசிரியராக வந்து அமர்ந்தபோது, அதை ஏற்றுக்கொள்ளும் மனம் அவருக்கு இருந்தது. இன்னொருவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் எவரிடமும் நான் எதிர்பார்க்கும் ஒரே தகுதி இது. பரந்த படிப்பு இதற்கு அடுத்தபடிதான்.

பாட்டு எழுதிய சம்பந்தர் சீர்காழிக்காரர். திருவெண்காடு சீர்காழிக்குப் பக்கம். அதே சீர்காழியில் 1892இல் பிறந்தவர் சீ.இரா. அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. வாசகரோடு நேரில் இருந்து உதவுவதை அவர் நூலகத்தின் உயிராகக் கருதினார். அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில், எஸ்.வி. கனகசபை பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948இல், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் முதலாவது. சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு தொகை சேர்ந்தது. இப்போது அது சொத்து வரியில் 10 சதவீதம்.

பெண்ணாடம் பேரூராட்சியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவர் ரசீதிலும் அந்தத் தொகை இருக்கிறது. ஆகவே நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே சந்தாதாரர்கள். ஓட்டு வீட்டுக்காரரும், மாடி வீட்டுக்காரரும், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து சொந்தமாக ஒரு அறை கட்டியவரும். புத்தகங்களும் இருக்கின்றன, குறை சொல்ல முடியாத அளவுக்கு அரசு வாங்கித் தருகிறது. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்வரவும் இங்கிருந்து சிரமம் இல்லை. பற்றாக்குறை நூலகரின் நேரத்தில்தான். பதிவேடு, தணிக்கை, இரவல் பாக்கி, நாளிதழ் கணக்கு, பக்கத்து ஊர் நூலகத்தின் பொறுப்பு எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழும்போது அவர் யாரிடம் உட்கார்ந்து யார் ஞாபகம் வந்தது என்று கேட்பார்? ஊர்ப்புற நூலகங்களில் சொற்பத் தொகுப்பூதியத்தில் இதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது என்னை நெகிழவைக்கிறது, வெட்கப்படவும் வைக்கிறது.

புத்தகம் வாசகர் கைக்குப் போய்ச் சேர்வதில் தபாலுக்கும் பங்கு உண்டு. சிற்றூர் வாசகருக்குக் கடை என்பது தபால் நிலையம்தான், வி.பி.பி.யில் வாங்கிப் படித்தே வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பதிவுப் புத்தக அஞ்சல் என்ற மலிவான வழியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் தவித்துப்போனார்கள். 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். புத்தகத்துக்கு இது உதவி. குறிப்பிட்ட இடைவெளியில் வரும் இதழ்களை அதில் அனுப்ப முடியாது. எந்தப் புத்தகத்தைத் தேட வேண்டும் என்று மூலை முடுக்கில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது சிறுபத்திரிகைதான். அதற்கும் இந்த வசதியை நீட்ட வேண்டும் என்று பதிப்பாளர்களோடு சேர்ந்து வாசகர்களும் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் இப்படி ஆள் பார்த்துப் புத்தகம் கொடுத்து, திரும்ப வந்ததும் உட்கார்ந்து கேட்பதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு தேவைப்படாது. கிளை நூலகத்தில் வாரத்தில் ஒரு மாலை, பதிவேட்டு வேலை எதுவும் இல்லாத இரண்டு மணி நேரம். நூலகரோடு ஊரில் படிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்: ஒரு டீச்சர், ஒரு செராமிக் கல்லூரி மாணவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற யாராவது. வருகிறவரிடம் எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீர்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைச் சந்தாக்காரர்களிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். படித்தே இல்லாதவரிடம் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், என்ன வேலை, யாரோடு பேச்சு விட்டுப்போனது என்று கேட்கலாம். ஒரு புத்தகத்தைக் கொடுத்து, மறுபடி எப்போது வருவார் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். அந்தத் தேதியில் கொடுத்தவர் அங்கே இருக்க வேண்டும். வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்கும் தூரம்தான் பெண்ணாடம். மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் இந்த இரண்டு மணி நேரத்தை விதியாக எழுதித் தரச் சொல்லி மனுக் கொடுக்க, வரி ரசீதின் நகல் ஒன்றும் நாலு பேர் கையெழுத்தும் போதும். என் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறேன்.